அப்ப, என்ன படிச்சிட்டு வந்த?

மலேசியாவுக்குக் கல்விச் சுற்றுலா போய்த் திரும்பிய மறுவாரம், திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் அறிக்கை வாசிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. 6 நாட்கள், 22 மாணவிகள், 3 ஆசிரியைகள், துணைக்கு வந்த 2 தாய்மார். போன இடங்களை வரிசையாகச் சொன்னேன். "இச்சுற்றுலாவின் மூலம் நாம் பல அரிய விடயங்களைக் கற்றுக்கொண்டோம்" என்று முடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். வகுப்புக்கு வந்து வாங்கில் இருந்ததும், பக்கத்தில் இருப்பவள் மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப, என்ன படிச்சிட்டு வந்த?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. ஆறாம் ஆண்டிலிருந்து ஒரே வாங்கில் இருக்கிறோம். அவளுடைய குத்தல் எனக்குத் தெரியும். உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டாள். அவளுடைய வாப்பா ஓட்டோ ஓட்டுகிறார். சுற்றுலாப் படிவம் கொடுத்த அன்றே அதை நான்காக மடித்துக் கணிதப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டாள். வீட்டுக்குக் காட்டவே இல்லை. "கேட்டா வாப்பா எங்கயாவது கடன்பட்டுத் தருவாங்க. அதுக்காகத்தான் கேக்கல்ல" என்று பிறகு சொன்னாள்.

நான் பதில் சொல்லத் தொடங்கினேன். இரட்டைக் கோபுரம் பார்த்தோம், தேசியப் பள்ளிவாசல் பார்த்தோம், மலாக்கா போனோம்...

"அதெல்லாம் தெரியும். ஸ்டேட்டஸ்ல பாத்தன்" என்றாள்.

இந்தக் கட்டுரை அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. சுற்றுலா பற்றி நான் முன்பே ஒரு பயணக் கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தேன். "விமானம் வானில் பறந்தது, எங்கள் உள்ளமும் பறந்தது" என்று ஆரம்பமாகும் கட்டுரை. அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

பெற்றார் கூட்டத்தில் இந்தச் சுற்றுலா பற்றிக் காரசாரமாகப் பேசப்பட்டது என்று என் உம்மா வந்து சொன்னார். ஒரு தரப்பு, "இது படிப்பா, ஊர் சுற்றலா? ஊர் சுற்றல் என்றால் அப்படியே பெயர் வையுங்கள்" என்றதாம். மற்றத் தரப்பு, "நாலு இடம் பார்த்தால்தானே பிள்ளைகளுக்கு உலகம் தெரியும்" என்றதாம். இரண்டையும் கேட்டுவிட்டு உம்மா சும்மா வந்துவிட்டார். உம்மா பேசியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஏனென்றால் எனக்கான காசில் பாதி, உம்மா இரண்டு வருடமாகக் கட்டி வந்த சீட்டுக் காசு.

திரும்பி வந்த பின் பயண நிரலை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தேன். 6 நாட்களில் பாடசாலை ஒன்றில் அரை நாள், பல்கலைக்கழகத்தில் 3 மணித்தியாலம். இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் முக்கால் மணி நேரம். சொக்கலட் கடையில் ஒன்றரை மணி நேரம். சொக்கலட் கடை நிரலிலேயே இல்லை. பஸ்ஸில் வந்த வழிகாட்டி தானாகக் கொண்டுபோய் இறக்கினார். அந்த அருங்காட்சியகத்தில் பல நாட்டுப் பள்ளிவாசல்களின் சிறு மாதிரிகளைச் செய்து ஒரு கூடம் நிறைய வைத்திருக்கிறார்கள். சீனா, இந்தியா, மலாய் உலகம் என்று தனித்தனிக் கூடங்களும் உண்டு. சீனக் கூடத்தின் வாசலில் நின்றபோதே "பஸ் வந்துட்டு, ஓடி வாங்க" என்று கூப்பிட்டுவிட்டார்கள். சொக்கலட் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. அந்தச் சீனக் கூடத்துக்குள் என்ன இருந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு முதல் தரப்போடு நான் சேரவும் மாட்டேன். வகுப்பறை என்றால் படிப்பு, பார்வையிடல் என்றால் பொழுதுபோக்கு என்று பிரிக்க முடியாது என்பதை மலாக்காவில் கண்டேன்.

முதலில் இரட்டைக் கோபுரத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். 452 மீற்றர் உயரம், 88 மாடிகள், 41ஆம் 42ஆம் மாடிகளில் இரண்டையும் இணைக்கும் பாலம். அடியில் நின்று எல்லோரும் படம் எடுத்தோம். கழுத்து வலித்தது. அவ்வளவுதான். அந்தக் கோபுரத்தின் தளம் எட்டு முனை நட்சத்திர வடிவத்தில் அமைந்தது என்பதை அங்கே நிற்கும்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தைத் திருப்பி வைத்தால் வரும் நட்சத்திரம். குர்ஆன் பிரதிகளின் ஓரத்தில் பகுதி பிரித்துக் காட்ட இடுவார்களே, அதே அடையாளம். இதைப் பிறகு நூலகத்தில் வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். போவதற்கு முதல் வாரம் கேத்திர கணித வகுப்பில் கவராயத்தை எடுத்து அந்த நட்சத்திரத்தை ஒருமுறை வரைந்திருந்தால், அதே கோபுரம் எங்களுக்கு வேறொன்றாகத் தெரிந்திருக்கும்.

மலாக்காவில் அது தற்செயலாக நடந்தது. கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீற்றர். பஸ்ஸில் 2 மணித்தியாலம். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். இறங்கிப் பார்த்தால் செந்நிறத்தில் ஒல்லாந்தர் கட்டிய பழைய நிருவாகக் கட்டடம். கொஞ்சம் தள்ளி, போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையில் மிஞ்சிய ஒரு வாசல். என் உம்மாவின் ஊர் காலி. கோட்டைக்குள் விளையாடி வளர்ந்தவள் நான். இந்தச் சுவரின் தடிப்பும் சன்னலின் உயரமும் எனக்கு அந்நியமாகவே இல்லை.

சாதாரண தரத்துக்கு வரலாறு படித்தபோது ஆண்டுகளை மனனம் செய்தோம். 1505 போர்த்துக்கேயர், 1640 காலி, 1656 கொழும்பு. பரீட்சை முடிந்ததும் மறந்துவிட வேண்டிய இலக்கங்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மலாக்காவில் விளக்கப் பலகையில் 1511 போர்த்துக்கேயர், 1641 ஒல்லாந்தர் என்று கண்டதும் நின்றுவிட்டேன். 1640 மார்ச்சில் காலியைப் பிடித்த அதே கம்பெனி, ஒரு வருடம் முடிவதற்குள் மலாக்காவையும் பிடித்திருக்கிறது. எங்கள் கோட்டையும் அவர்கள் கோட்டையும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். காலியை நம் ஊர்க் கதையாக மட்டுமே நான் படித்திருந்தேன். ஏலக்காயும் கறுவாவும் சாதிக்காயும் ஏற்றிய கப்பல்கள் போன பாதையில் அது ஒரு தரிப்பிடம் என்பது அந்தப் பலகைக்கு முன்னால்தான் விளங்கியது.

அங்கே கம்பொங் கிளிங் பள்ளிவாசலுக்கும் போனோம். 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. கூரை மூன்றடுக்காகக் கூம்பிப் போகிறது, குவிமாடம் இல்லை. மினாரா சீனக் கோபுரம் போல நிற்கிறது. உள்ளே தூண்கள் ஐரோப்பியப் பாணி. அதே வீதியில் ஒரு பிள்ளையார் கோயிலும் ஒரு பழைய சீனக் கோயிலும் இருக்கின்றன. எங்களில் ஒருத்தி, "இது பள்ளி மாதிரியே இல்லையே" என்றாள். காலிக் கோட்டைக்குள் இருக்கும் மீரான் பள்ளிவாசலைப் பார்க்கும் வெளிநாட்டவரும் தேவாலயம் என்றுதான் நினைக்கிறார்கள் என்று நான் சொன்னேன். எந்த ஊரில் கட்டினார்களோ அந்த ஊர் மேசனின் கையும் கட்டடத்தில் இருக்கிறது. இதை எனக்கு எந்தப் பாடமும் சொல்லித் தரவில்லை. ஆனால் பாடத்தில் படித்த ஆண்டுகள் இல்லாவிட்டால் அங்கே போயும் படம்தான் எடுத்திருப்பேன்.

துணைக்கு வந்த தாய்மாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையில் அதிகம் கவனித்தவர்கள் அவர்கள்தான். நாங்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரிந்தபோது, அவர்கள் விலை கேட்டார்கள், குசினியை எட்டிப் பார்த்தார்கள், கழிப்பறை சுத்தமா என்று பார்த்தார்கள். ஒரு பழைய கடைப் பலகையில் மலாய் மொழி அறபு எழுத்தில் எழுதியிருந்தது. ஜாவி என்பார்கள். அவர்களில் மூத்தவர் அதற்கு முன்னால் நின்று ஓதுவது போல எழுத்துக் கூட்டினார். "காஃப், தால், அலிஃப், யா... கெதாய்... கெடாய்..." பிறகு சத்தமாகச் சிரித்தார். "புள்ளையள், இது கடை!"

கடைதான். தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொல். கப்பலும் அப்படிப் போனதுதான், கட்டிலும் அப்படித்தான். என் உம்மம்மாவிடம் அறபுத் தமிழில் அச்சடித்த பழைய கிதாபு ஒன்று இருக்கிறது. தமிழை அறபு எழுத்தில் எழுதுவது நம் முன்னோரின் தனிப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். கடல் தாண்டி இன்னொரு மொழிக்காரரும் அதே வேலையைச் செய்திருக்கிறார்கள். உம்மம்மாவிடம் வந்து சொன்னபோது, "அப்ப அந்தக் கிதாப எறிஞ்சிராதீங்க" என்று என் உம்மாவைப் பார்த்துச் சொன்னார். எறியும் யோசனை வீட்டில் இருந்திருக்கிறது போலும்!

சாப்பாட்டில்தான் நாங்கள் பெரிய தவறு செய்தோம். ஹலால் கவலை அங்கே பெரிதாக இல்லை. அதை நினைத்து அஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஏற்பாட்டாளர் ஒவ்வொரு இரவும் சோறும் கோழிக்கறியும் தரும் ஒரே கடைக்குக் கொண்டுபோனார். பிள்ளைகள் சாப்பிடாமல் விட்டால் பெற்றார் ஏசுவார்கள் என்ற பயம். எங்களில் பலர் மாசிச் சம்பல் போத்தலோடுதான் விமானம் ஏறியிருந்தோம். நானும்தான். 6 நாட்களும் நம் ஊர்ச் சாப்பாட்டைத் தேடித் தின்றுவிட்டு, மலேசியாவில் சாப்பிட்டோம் என்று சொல்வது எப்படி?

அந்தப் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில்தான் முதன்முதலாக நாசி லெமாக் சாப்பிட்டேன். தேங்காய்ப்பாலில் ஆக்கிய சோறு. பக்கத்தில் பொரித்த நெத்தலி, கச்சான், வெள்ளரித் துண்டு, அரை முட்டை, சிவப்பாகச் சம்பல். பொதியைத் திறந்ததும் வந்த வாசனை எங்கள் வீட்டுக் குசினி வாசனை. ரம்பை! நாங்கள் கறிக்குப் போடுகிறோம், அவர்கள் சோற்றுக்குப் போடுகிறார்கள். சம்பல் என்பதும் அவர்கள் சொல்தான். பெருநாளைக்கு நாங்கள் செய்யும் வட்டிலப்பம் ஒல்லாந்தர் காலத்தில் வந்த மலாயரோடு வந்தது என்று சொல்வார்கள். தொதல் அங்கேயும் அதே பெயரில் கிடைக்கிறது. ரம்புட்டான் என்ற பெயர் மயிர் என்று பொருள்படும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்று என் பக்கத்தில் இருந்த மலாய் மாணவி சொன்னபோது, தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். பழத்தின் தோலை நினைத்து இருவரும் சிரித்தோம். ஆகவே சாப்பாடு படிப்பில்லை என்று சொல்பவரோடு நான் உடன்பட மாட்டேன். ஒரே கடையில் 5 இரவு கோழிக்கறி சாப்பிட்டதுதான் படிப்பில்லை.

இனி வகுப்பறைக்கு வருகிறேன்.

மலேசியாவில் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தியது. காலை 7 மணிக்கும் வெளிச்சம் சரியாக வருவதில்லை. அந்த மங்கல் இருட்டிலேயே நாங்கள் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். வரவேற்பு, மாலை, உரை, நடனம், நினைவுச் சின்னம் கொடுத்தல், நினைவுச் சின்னம் வாங்குதல், எல்லோரும் சேர்ந்து படம். ஒன்றரை மணி நேரம் அப்படிப் போனது. அவர்களும் மிகுந்த அன்போடுதான் செய்தார்கள்; நம் பாடசாலைக்கு யாராவது வந்தால் நாங்களும் இதையேதான் செய்வோம். விருந்தாளி வந்தால் கதிரை போட்டு முன்னால் இருத்துவது நம் பண்பு. ஆனால் முன்வரிசைக் கதிரையில் இருப்பவருக்கு அந்த வீட்டின் குசினி தெரிவதில்லை.

அடுத்த நிகழ்ச்சிக்கு மண்டபம் ஆயத்தமாகவில்லை. 40 நிமிடம் எங்களை என்ன செய்வது என்று தெரியாமல், மூன்று மூன்று பேராகப் பிரித்து வகுப்புகளில் இருத்தினார்கள். நிரலில் இல்லாத அந்த 40 நிமிடம்தான், என் பக்கத்து வாங்குக்காரிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

நான்காம் படிவக் கணித வகுப்பு. எங்களைவிட ஒரு வயது குறைந்த பிள்ளைகள். ஆசிரியை பலகையில் எழுதிய மலாய்ச் சொல் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் எக்ஸ் வர்க்கம் எங்கே போனாலும் எக்ஸ் வர்க்கம்தானே! இருபடிச் சார்பின் வரைபு. கிண்ணம் போல வளைந்த கோட்டைக் கண்டதும் மனம் ஆறியது. பக்கத்தில் இருந்த மாணவி தன் கொப்பியை என் பக்கம் நகர்த்தினாள். அவள் திரும்பற் புள்ளியைப் பிழையாகக் குறித்திருந்தாள். நான் விரலை வைத்தேன். அவள் அழித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள்.

அவளுடைய ஆங்கிலம் பிழை. இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒன்றாகவே வந்தன; சொல் கிடைக்காத இடத்தில் மலாய்ச் சொல்லைப் போட்டாள், கையால் காட்டினாள், படம் கீறினாள். ஒரு துளி வெட்கம் இல்லை. நான் அவளைவிட நன்றாக இலக்கணம் படித்தவள். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ஏ எடுத்தவள். ஆனால் ஒவ்வொரு வசனத்தையும் மனதுக்குள் எழுதி, திருத்தி, பிழை இல்லை என்று உறுதியான பிறகுதான் வாய் திறந்தேன். அதற்குள் அவள் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டாள். அந்த 40 நிமிடத்தில் அவள் என்னிடம் இருபது கேள்வி கேட்டிருப்பாள். நான் கேட்டது மூன்று.

மறுநாள் கோம்பாக்கில் உள்ள சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் நம் நாட்டு ராத்தா ஒருவரைச் சந்தித்தோம். 1983இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் பல நாட்டு மாணவர்கள் படிக்கிறார்கள். பாடநெறிகள், விடுதி, கட்டணம் எல்லாம் விளக்கிவிட்டு, கடைசியில் ஆசிரியைகள் கொஞ்சம் தள்ளி நின்ற நேரம் பார்த்து அவர் சொன்னார்: "முதல் வருஷம் நான் அழாத நாளில்ல. பாடம் கஷ்டம் எண்டில்ல. நம்மட ஸ்கூல்ல டீச்சர் கேட்டா மட்டும்தானே கதைப்போம். இங்க நீங்களா கதைக்காட்டிப் புள்ளி இல்ல." இதை அவர் சொல்லும்போது நான் முந்தைய நாள் மாணவியை நினைத்துக்கொண்டேன்.

பாடசாலை இடைவேளையில் இன்னொன்று நடந்தது. அந்த வகுப்பில் மலாய்ப் பிள்ளைகளோடு சீனப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு தமிழ் மாணவி ஓடிவந்து, "நீங்க தமிழா லா?" என்று கேட்டாள். அந்த 'லா' கேட்க ஆசையாக இருந்தது. அவள் ஆறு வருடம் தமிழ்ப் பாடசாலையில் படித்துவிட்டு இங்கே வந்தவளாம். அந்த நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ் ஆரம்பப் பாடசாலைகள் உண்டு. சீனப் பாடசாலைகளும் உண்டு. தாய்மொழியில் ஆரம்பக் கல்வி முடித்தவர்களில் பெரும்பாலானோர் பிறகு மலாய் மொழித் தேசிய இடைநிலைப் பாடசாலைகளில் ஒன்று சேர்கிறார்கள். மலாய் போதாதவர்கள் இடையில் ஒரு வருடம் மொழி வகுப்பில் இருந்துவிட்டு வருவதும் உண்டு. அங்கே எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. சிற்றுண்டிச்சாலையில் சீனப் பிள்ளைகள் ஒரு மேசையிலும் மலாய்ப் பிள்ளைகள் ஒரு மேசையிலும் இருந்ததை நானும் கண்டேன். ஆனால் மணி அடித்ததும் அவர்கள் ஒரே வகுப்புக்குள் போனார்கள்.

அப்போதுதான் அந்த மலாய் மாணவி கேட்டாள்: உங்கள் வகுப்பில் சிங்களப் பிள்ளைகள் எத்தனை பேர்?

இல்லை என்றேன். ஏன் என்றாள். மொழி வேறு, பாடசாலை வேறு என்று விளக்கினேன். சரி, உன் சிங்களச் சிநேகிதிகளை எங்கே சந்திப்பாய் என்றாள். அவளுக்கு அது மிகச் சாதாரணமான கேள்வி. எனக்கு இலக்கணம் சரிபார்க்கும் தேவையே வரவில்லை; சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் கல்லூரி வாசலிலிருந்து 7 நிமிடம் நடந்தால் ஒரு சிங்கள மகளிர் பாடசாலை வரும். அவர்களுடைய மணியோசை காற்று வீசும் நாட்களில் எங்களுக்குக் கேட்கும். பஸ்ஸில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நான் அந்தப் படலைக்குள் ஒரு நாளும் போனதில்லை. அவர்களில் ஒருத்தியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இரண்டாம் மொழியாகச் சிங்களம் படித்து நல்ல புள்ளியும் எடுத்தேன். அந்தச் சிங்களத்தை என் வயதுப் பெண் ஒருத்தியோடு பேசிப் பார்த்ததில்லை. மூன்றரை மணித்தியாலம் பறந்து போய் இன்னொரு நாட்டு வகுப்பில் இருப்பதற்கு இரண்டரை இலட்சம் ரூபா கொடுத்தோம். 7 நிமிட தூரத்தில் உள்ள வகுப்பில் இருந்து பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதற்காக வெளிநாட்டுச் சுற்றுலாவை நிறுத்துங்கள் என்று சொல்கிறேனா? இல்லை. அங்கே போகாவிட்டால் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க ஆள் இருந்திருக்காது. இங்கே யாரும் அதைக் கேட்பதில்லை, எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆனால் இப்போது செய்வது போலச் செய்தால், அந்தக் கேள்வி மண்டபம் ஆயத்தமாகாமல் போனால்தான் கிடைக்கும். அதிர்ஷ்டத்தை நம்பி இவ்வளவு காசு கட்டக் கூடாது.

வரவேற்பை அரை மணித்தியாலத்தோடு முடித்துக்கொண்டு, முழுதாக இரண்டு நாட்கள் அந்தப் பிள்ளைகளோடு வாங்கில் இருக்கக் கேட்கலாம். அதற்காக ஒரு கடைத்தொகுதியை விட்டுவிடலாம். இரண்டையும் விட்டாலும் நான் அழ மாட்டேன். போவதற்கு முந்திய தவணையிலேயே வரலாற்று ஆசிரியையும் கணித ஆசிரியையும் சித்திர ஆசிரியையும் அந்த நாட்டைத் தங்கள் பாடத்துக்குள் கொண்டு வரலாம். அந்த வகுப்பு போகிறவர்களுக்கு மட்டுமாக இருக்கக் கூடாது. எங்கள் தரத்தில் 74 பேர். போனவர்கள் 22. மிச்சம் 52 பேரும் அந்த நாட்டைப் படித்திருந்தால், ஆளுக்கொரு கேள்வியை எங்கள் கையில் எழுதித் தந்து அனுப்பியிருப்பார்கள். அப்போது நாங்கள் அவர்களுக்குப் பதில் கொண்டு வர வேண்டியவர்களாகப் போயிருப்போம். சாவிக் கோர்வையும் சொக்கலட்டும் வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்திருக்க மாட்டோம்.

காசில்லாமல் நின்றவர்களைப் போல, வீட்டில் விடாததால் நின்றவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இரண்டு பேர். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பப் பயப்படும் வாப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் வாப்பாவும் கடைசி நாள் வரை இரண்டு மனதாகத்தான் இருந்தார். எங்கே தங்குவது, யார் கூட வருவது, இரவு எத்தனை மணிக்கு அறைக்குத் திரும்புவது என்பதெல்லாம் அவருக்கு ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதித் தரப்படவில்லை. துணைக்கு இரண்டு தாய்மார் வருகிறார்கள் என்று பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்தான் தெரியவந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த இரண்டு பேரில் ஒருத்தியாவது வந்திருப்பாள். "முந்தியே தெரிஞ்சிருந்தா உம்மாவும் வந்திருப்பா" என்று அவளே சொன்னாள். பயம் குறைய வேண்டுமானால் விபரம் கூட வேண்டும். அறிவித்தல் கடிதத்தில் இடங்களின் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால், பயப்படுபவர்கள் தங்களுக்குத் தோன்றியதை எழுதி மிச்சத்தை நிரப்பிக்கொள்வார்கள்.

காசு பற்றியும் ஒரு வார்த்தை. பழைய மாணவிகள் சங்கம் மண்டபத்துக்கு ஓடு போடக் காசு சேர்க்கிறது, நல்லது. ஒவ்வொரு சுற்றுலாவிலும் இரண்டு பிள்ளைகளின் செலவை அவர்கள் ஏற்றால், யார் அந்தப் பிள்ளைகள் என்று யாருக்கும் தெரியாமல் அதைச் செய்தால், படிவத்தை மடித்து வைப்பவர்கள் கொஞ்சம் குறைவார்கள். எல்லோரும் போக முடியாது. அது எனக்கும் தெரியும். அதனால்தான் 7 நிமிடத்தில் போகக்கூடிய இடத்தைப் பற்றி இவ்வளவு எழுதினேன். அங்கே போகக் கடவுச்சீட்டு வேண்டாம், சீட்டுக் காசு வேண்டாம். 74 பேரும் போகலாம்.

இவ்வளவையும் பக்கத்து வாங்குக்காரியிடம் ஒரே நாளில் சொல்லவில்லை. மூன்று நான்கு இடைவேளைகள் எடுத்தது. சிங்களப் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கேள்வியைச் சொன்னபோது, சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு, "அங்க கணக்கு டீச்சர் எப்படிப் படிப்பிக்கிறாங்க எண்டு பாக்கணும்" என்றாள். அவளுக்குக் கணிதம்தான் எல்லாம். அடுத்த தவணையில் ஒரு நாள் அந்தப் பாடசாலையின் வகுப்புகளில் எங்களை இருக்கவிட வேண்டும், இன்னொரு நாள் அவர்களை எங்கள் வகுப்பில் இருக்கவிட வேண்டும் என்று கேட்டு அதிபருக்கு ஒரு கடிதம் எழுதினோம். சிங்களத்திலும் ஒரு பிரதி எழுதினோம். அதில் எத்தனை பிழை இருக்குமோ தெரியாது. திருத்தித் திருத்தி வைத்திருக்காமல் அப்படியே கொடுத்துவிட்டோம். முதல் கையெழுத்து அவளுடையது. இதை எழுதும் வரை 31 பேர் ஒப்பமிட்டிருக்கிறார்கள். கடிதத்தின் பிரதி எங்கள் வகுப்பறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.